இருபது புள்ளி ஒன்று இரண்டு

கோப்பில் அதன் பெயர் பொது ஒதுக்கீட்டு இடம்.
தெருவில் அதன் பெயர் கிரவுண்டு.
செம்மண்டலம் தாண்டி, மூன்றாம் குறுக்குத் தெரு முடிகிற இடத்தில்
இரண்டு கருவேலம், தண்ணீர் நின்றுபோன ஓர் அடிபம்பு,
நடுவில் வெயில்.

மானியம் வருகிறது என்றார்கள்.
இரண்டு பங்கு அரசு, ஒரு பங்கு தெரு.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் முன்மொழிவு போகாவிட்டால்
பணம் வேறு ஊர்ப் புல்லுக்குப் போய்விடும்.

நான் வரைவாளர்.
கடலூர் மாநகராட்சியின் சாக்கடைகளைப்
பதினோரு வருடமாக வரைகிறவள்.
பச்சைப் பென்சில் வாங்க
மஞ்சக்குப்பம் கடைக்கு நானே போனேன்.

மாதிரிப் படம் மேலிருந்து வந்தது:
எட்டுப் போட்ட நடைபாதை,
ஊஞ்சல், சறுக்குமரம்,
நட்டநடுவில் நீரூற்று,
பக்கத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை.

வசூல் அஞ்சாபுலி கையில்.
ஓய்வுபெற்ற நடத்துநர்,
ரசீது கிழிக்காமல் ஒரு ரூபாய் வாங்கமாட்டார்.
மாடிவீட்டு வரதப்பன் பத்தாயிரம் கொடுத்து
கல்வெட்டில் பேர் வருமா என்றார்.
நண்டு விற்கும் பச்சையம்மா இருநூறு கொடுத்து
கூடை இறக்க ஒரு மேடை வருமா என்றாள்.

கடைசி நாள். மூவாயிரம் குறைகிறது.
தமீம் வந்தான், முழங்காலில் நேற்றைய செம்மண்ணோடு.
பண்ருட்டியில் டென்னிஸ் பந்துப் போட்டி,
இரண்டாம் பரிசு, மூவாயிரத்து ஐந்நூறு.
"டீம் மொத்தமும் பேசித்தான் கொண்டாந்தோம்க்கா.
கிரவுண்டுக்குத்தானே?"

அஞ்சாபுலி ரசீது கிழித்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மேசையில் படம் விரிந்து கிடந்தது.
அவர்கள் ஸ்டம்பு நடுகிற அதே இடத்தில்
நீலப் பென்சிலில் நீரூற்று.

அன்றிரவு அலுவலகத்தில் மின்விசிறியும் நானும்.
ரப்பர் பாதியாகத் தேய்ந்தது.
நீரூற்றின் தொகையை நிழற்கூரைக்கும்
ஒரு சுமைமேடைக்கும் தள்ளிவிட்டு
வெறுமையான நடுவில் எழுதினேன்:
திறந்தவெளிப் பசும்பரப்பு,
நீளம் 20.12 மீட்டர், அகலம் 3.05.
உதவிப் பொறியாளர் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார்.
படித்திருந்தால் இவ்வளவு வேகம் வராது.

முதல் தவணை வந்தது. பின்னாலேயே மழை வந்தது.
கெடிலம் ஒரு ராத்திரி உள்ளே புகுந்து
பதினாறு மூட்டை சிமெண்டைக் கல்லாக்கிவிட்டுப் போனது.
எப்படியோ தை மாதம் ரிப்பன் வெட்டினோம்.

மாசியில் தணிக்கை.
வந்தவர் ஒல்லி. இடதுகைச் சுண்டுவிரல்
எப்போதோ உடைந்து கோணலாய்ச் சேர்ந்திருந்தது.
"பசும்பரப்புன்னு போட்டிருக்கு. பசுமை எங்கம்மா?"
"முளைக்குது சார். நிக்கமாட்டேங்குது."
"ஏன்?"
சாயங்காலம் வரைக்கும் இருந்தா தெரியும் என்றார் அஞ்சாபுலி.
அவர் இருக்கவில்லை. டேப்பை எடுக்கச் சொன்னார்.

இருபது புள்ளி ஒன்று இரண்டு.

முனை மாற்றி மறுபடி அளந்தார்.
அப்புறம் குந்தி உட்கார்ந்து
கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்து
"இந்த முனையில பந்து தாழ்ந்துதான் வரும்" என்றார்,
யாரிடம் என்று தெரியவில்லை.
அளவு சரி என்று எழுதினார்.
பசுமை குறைவு என்றும் எழுதினார்.

அந்த இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டு
கடைசித் தவணை இன்னும் வரவில்லை.
கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை.
ஆறரைக்கு ஆட்டம் நின்றுவிடுகிறது.
மேடைமேல் நண்டுக்கூடை. அதன் நிழலில் ஒரு பூனை.
"புல்லு வச்சாச்சா மேடம்?"
ஒப்பந்ததாரர் வாரம் இருமுறை கேட்கிறார்.
வைக்கிறோம். பங்குனியில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை.
வைத்த அன்றே படமெடுத்துத் தேதியோடு கோப்பில் சேர்க்கிறேன்.

வரதப்பன் பேர் கல்வெட்டில் வந்தது,
ஒட்டுவித்த பித்தளை எழுத்தில்.
நேற்று தமீம் அடித்த நேர் அடியில்
முதல் எழுத்து பெயர்ந்து புதருக்குள் போய்விட்டது.
ரதப்பன் என்றிருக்கிறது இப்போது.
சீரமைப்புக்கு மதிப்பீடு கேட்டு மனு தந்திருக்கிறார்.

பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.