மூன்றே முக்கால்

மூன்று விமானம், மிச்சம் ஒரு ஷூ.
மற்றது ஃப்ராங்க்ஃபர்ட்டில்
ஏதோ நாற்காலிக்கு அடியில் தங்கிவிட்டது.
மீனம்பாக்கத்தில் பாஸ்போர்ட் வரிசை நகர்கையில்
ஒரு காலில் வெறும் சாக்ஸோடு
என் தோளில் கிடந்தாள் ஜெமிமா.
வயது இரண்டு சொச்சம்.
என் வலக்கை கையாக இருப்பதை
எப்போதோ நிறுத்தியிருந்தது.

பெரம்பூரில் சித்தி வீடு நிறைய ஆட்கள்.
ஆளுக்கொரு கன்னம் கேட்டார்கள்.
இருப்பது இரண்டுதானே,
வீறிட்டாள்.
"போன்ல நல்லா சிரிப்பாளே"
என்று பின்வாங்கினார் சித்தப்பா,
பார்சல் மாறி வந்துவிட்டதுபோல.

ஊர் அடங்கிய பிறகு
அவளுக்குப் பொழுது விடிந்தது.
கால்கரியில் அப்போது மத்தியானம்.
கூடத்தில் வரிசையாய்ப் பாயில் உறவு.
போர்வைக்கு வெளியே நீண்ட
ஒவ்வொரு பாதத்தையும் தொட்டு
"யாரு?" என்றாள்.
எமிலி அத்தை.
அத்தையின் நாத்தனார்.
இது... இரு, காலையில் கேட்டுச் சொல்கிறேன்.

மூன்றே முக்காலுக்குத்
தெருமுனையில் கம்பெனி வண்டி நின்றது.
சித்தி மகன் கிங்ஸ்லி.
கழுத்தில் அட்டை,
கண்ணில் மட்டும் சாயங்காலம்.
அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி பில்களை
இங்கே உட்கார்ந்து இரவெல்லாம் சரிபார்க்கிறவன்.
பாஸ்போர்ட் எடுத்ததில்லை.
"அங்க மூணேகால், ஸ்கூல் விடுற நேரம்" என்றான்
மணி பார்க்காமல்.
"மைனஸ் பத்தொம்பதாமே இன்னிக்கு?"
எனக்குத் தெரியவில்லை.
நான் வந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

ஜெமிமா அவனை
மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.
அழவில்லை.
இந்த வீட்டில் ஒருவன்தான்
முழுசாய் விழித்திருக்கிறான்
என்று நினைத்திருக்கலாம்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன்
சிவப்புச் செருப்பு வாங்கி வைத்திருந்தான்,
மிதித்தால் கீச்சென்று கத்தும் வகை.
விடிகாலை நாலு மணிக்கு
அதைப் போட்டுக்கொண்டு
கூடத்தில் ஓர் அணிவகுப்பு.
வீடு எழுந்தது.
எதிர்வீட்டு விளக்கும் எழுந்தது.
சித்தி அவனைத்தான் திட்டினாள்,
பிள்ளைக்கு என்ன தெரியும்.
பழம் நறுக்கும் கத்தியால்
செருப்பின் குதிகாலைக் கீறிக்
கீச்சை வெளியே எடுத்தான்,
பொத்தான் அளவில் ஒரு வெள்ளை வில்லை.
இன்னொன்றிலும்.

அப்புறம் தினமும் இருவரும்
சத்தமில்லாமல் தெருவுக்கு இறங்கினார்கள்.
பால்கனியிலிருந்து பார்ப்பேன்.
ஆவின் வண்டியில் நீலப் பாக்கெட், பச்சைப் பாக்கெட்.
கோலமில்லாத ஈர வாசல்கள்.
கஸ்டமரிடம் பேசும் இங்கிலீஷில்
அவன் தெருநாய்களை அறிமுகம் செய்வான்.
கனடாவில் பிறந்தவள் திருத்துவாள்:
"நாயி."
எட்டு நாள் அப்படி.
எனக்கும் ஒரு மணி நேரம் தூக்கம் கிடைத்தது,
உறவுகளிலேயே பெரிய உறவு அதுதான்
என்று அந்த வாரம் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள்
எனக்குச் சொல்லாமல் அவள் இறங்கிவிட்டாள் இந்த ஊரில்.
மதியம் ரசம் சாதம்.
கேட்டவர்க்கெல்லாம் கன்னம்,
சித்தப்பாவுக்கு இரண்டும்.
ஒன்பது மணிக்கு
எமிலி அத்தை மேல் ஒரு காலைப் போட்டுத் தூங்கினாள்,
இங்கேயே பிறந்தவள் மாதிரி.

மூன்றே முக்கால். வண்டி.
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
எட்டிப் பார்த்தான்.
"தூங்கிட்டாளா?"
"ம்."
"நல்லதுதான்" என்றான்.
பையைக் கீழே வைத்துவிட்டு
"நல்லதுதான்க்கா" என்றான்.
சட்டைப்பைக்குள் விரலை விட்டு
அந்த வெள்ளை வில்லையை எடுத்தான்.
இத்தனை நாள் அங்கேயா இருந்தது?
உதட்டில் வைத்து
மெல்ல,
மிக மெல்ல ஊதினான்.

கீச்.

அவள் புரண்டு படுத்தாள்.
அத்தை இருமினாள்.
அவ்வளவுதான்.

மேசையில் அவனுக்கு மூடி வைத்த சாப்பாடு.
தட்டைத் திறந்தவன்
என் பக்கம் திரும்பி
"சாப்பிடறியாக்கா?" என்றான்.
பசியே இல்லை எனக்கு.
போடு, என்றேன்.