நோட்டீஸுக்குப் பதில்

கரட்டுப்பாளையம் ஊராட்சி ஒன்றிய ஆணையர் அவர்களுக்கு
மாட்டுச்சந்தைச் சுங்கக் குத்தகைதாரன் நாச்சிமுத்து எழுதுவது.
தங்கள் நோட்டீஸ் செவ்வாயன்று கிடைத்தது.
மூன்றாம் தவணை, வட்டியோடு,
பதினைந்து நாளுக்குள்.

ஏலம் கேட்டவன் நான்தான், மறுக்கவில்லை.
மூலனூர்க்காரன் ஒன்பது லட்சத்தில் நின்றுகொள்ள
வீம்புக்கு மேலே ஐம்பதாயிரம் வைத்தவனும் நான்தான்.

ஆவணியில் கோமாரி வந்தது.
முதலில் ஒரு மயிலைக் கன்றுக்கு நாக்கில் கொப்புளம்.
பிறகு குளம்பு வெடித்து, வாயில் நுரை ஒழுக
தாராபுரம் ரோடு நெடுகக் கட்டுத்தறிகளில் மாடுகள் படுத்தன.
கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்து
சந்தை கேட்டில் பசையோடு ஒட்டிக்கொண்டது.
பதினோரு வியாழன் போயிற்று.
அச்சடித்த ரசீதுப் புத்தகம் முப்பதும்
நூல் பிரிக்காமல் கிடக்கிறது.

பதினான்காம் பிரிவைக் காட்டுகிறீர்கள்:
மழை, வெள்ளம், தீ, கலவரம், கடையடைப்பு
எதற்கும் தள்ளுபடி கிடையாது.
நானும் படித்தேன், விரல் வைத்து, இரண்டு தரம்.
மாட்டின் நாக்கு அதில் இல்லை.

இடம் உன் வசம்தானே இருந்தது என்கிறீர்கள்.
இருந்தது.
நாலு ஏக்கர், நானூறு முளைக்குச்சி, ஒரு தண்ணித்தொட்டி,
சுற்றிலும் கிளுவை வேலி.
பூட்டும் என்னிடம், சாவியும் என்னிடம்.
ஐயா, நான் நிலத்தை எடுக்கவில்லை.
வியாழக்கிழமையை எடுத்தேன்.
விடியக்காலை நாலு மணி டெம்போ வெளிச்சத்தை,
துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலையை,
சாணி மிதித்து வரும் கூட்டத்தை
உருப்படிக்கு நாற்பது ரூபாய் என்று எடுத்தேன்.
அது வரவில்லை.
வராததற்கு ரசீது எப்படிக் கிழிப்பது?

இதுவரை வக்கீல் சொல்லிக்கொடுத்தது.

இனி எழுதுவது அவருக்குத் தெரியாது.
சந்தைக்குள் இருக்கும் டீக்கடையைத்
தெய்வாத்தாளுக்கு உள்குத்தகை விட்டிருக்கிறேன்.
வெறும் வெள்ளைத்தாள்தான்.
உங்கள் பதினான்காம் பிரிவை
வரி மாறாமல் பார்த்தெழுதி
அவள் கைரேகை வாங்கியவன் நான்.
மூடிக்கிடந்த இரண்டு மாதத்துக்கும்
வாடகையை வசூலித்துவிட்டேன்.
மூன்றாவதுக்குப் போன வாரம் ஆளனுப்பினேன்.

அவள் பதில் ஒன்றும் எழுதவில்லை.
பாய்லரைத் தூக்கிவந்து
என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
உள்ளே
கடைசி வியாழனின் சாம்பல்.