தப்பாகச் சொன்னது

டாக்டர் இந்தியில் சொல்வதைத்
தமிழில் சொல்ல ஆள் வேண்டுமென்று
என்னைக் கூட்டிப்போனாள் பேச்சிக்கனி அத்தை.
தொண்ணூறடிச் சாலையிலிருந்து பரேல் வரை
டாக்ஸியில் யாரும் பேசவில்லை.
இசக்கிதுரை மடியில் ஸ்கேன் உறை.
பள்ளம் வரும்போதெல்லாம் அதைத்தான் பிடித்தான்,
காலை அல்ல.

தாராவிக்கு வந்து இருபத்திரண்டு வருடம்.
காய்கறி விலைக்கும் தண்ணீர்ச் சண்டைக்கும்
அத்தையிடம் இந்தி உண்டு.
ஹட்டி என்றால் எலும்பு, தெரியும்.
ஹட்டிக்குள் என்ன என்பதற்குத்தான் நான்.

முதல் வாக்கியத்தை நேராகச் சொன்னேன்:
முழங்காலுக்கு மேலே கட்டி.
இரண்டாவதில்
'பரவாமல் இருந்தால்' என்று அவர் சொன்னதைப்
'பரவாது' என்றேன்.
இசக்கி என் செருப்பைப் பார்த்தான்.
அவனுக்கு என்னைவிட இந்தி நன்றாக வரும்.

மூன்றாவது:
மருந்து ஏற்றும் முன்னால்
வித்தணுவைச் சேமித்துவிடுங்கள்,
பிற்பாடு பிள்ளை வேண்டுமென்றால்.
ரயில் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு
டாக்டர் பேனாவைத் தேடினார்.

பத்தொன்பது வயது.
சயான் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணிடம்
பெயர் கேட்பதற்கு
என்னை அந்தப் பெண்ணாக நிற்கவைத்து
ஒரு மாதம் ஒத்திகை பார்த்தவன்.
இன்னும் கேட்கவில்லை.
அதற்குள் பிள்ளை.

"என்னடே சொல்லுதாரு?" என்றாள் அத்தை.
"நாளைக்கு இன்னொரு டெஸ்ட் இருக்காம். வெறும் வயித்துல வரணுமாம்."
வெறும் வயிறு நானாகச் சேர்த்தது.
பொய்யிலும் கொஞ்சம்
ஆஸ்பத்திரி வாசனை வேண்டுமே.

மறுநாள் அவனுக்கு டீகூடத் தரவில்லை அத்தை.
பதினோரு மணிக்கு அந்தக் கதவைத் திறந்து வந்தவன்
யார் முகத்தையும் பார்க்காமல்
"உன் வாயில மண்ணைப் போட, ஒரு வடாபாவ் வாங்கிக் குடுடா" என்றான்.
இரண்டு தின்றான்.

வருடாவருடம் கட்டணும் அதற்கு.
கேரம் கிளப் நோட்டில்
'பைக் ரிப்பேர்' என்று எழுதி வசூலித்தோம்.
நான், ஜெபசிங், இர்ஃபான், அவினாஷ்.
எங்களில் ஒருவனுக்கும் பைக் கிடையாது.

அடுத்த வார்டில் குழந்தைகளுக்கு பலூன் வரும்,
மூக்கில் சிவப்புப் பந்து மாட்டி ஆட்கள் வருவார்கள்.
இவன் வார்டில் எல்லோரும் தாத்தாக்கள்;
இருமலுக்கு நடுவே மராத்தியில் இவனுக்காக உச்சுக்கொட்டுவார்கள்.
பத்தொன்பதுக்கென்று எதுவும் வராது.
நாங்கள் வருவோம்.
நாங்களும் மொட்டை போடுகிறோம் என்றோம்.
"வேண்டாம்டா, உங்க மண்டையெல்லாம் கோணல்.
நேத்து கேம்ல யார் ஜெயிச்சான்னு சொல்லு."
வாய் முழுக்கப் புண்ணாகிப் பேச முடியாத வாரம்
போனில் தட்டினான்:
'பாவமாப் பாக்காதே. கடன் வாங்கினவன் மாதிரி பாரு.'
அவனிடம் முந்நூறு ரூபாய் கடன் இருந்தது எனக்கு.
அது சுலபமாக இருந்தது.

நாலாவது மருந்து முடிந்து வீட்டில் இருந்தபோது
துவைக்க எடுத்த பேன்ட்டிலிருந்து
ஒரு ரசீதை நீட்டினாள் அத்தை.
இங்கிலீஷ். நம்பர். அடுத்த வருடத் தேதி.
"இது வந்து... பைக்..." என்றேன்.

"பச்சான்னா பிள்ளைன்னு எனக்குத் தெரியாதாலே?
அன்னைக்கே புரிஞ்சுது.
ரெண்டு பேரும் தலையைத் தொங்கப்போட்டு நின்னீங்க,
சரின்னு விட்டுட்டேன்."

தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.
குடங்கள் ஓடின.
அத்தை எழவில்லை.

"அப்புறம் ஏன் அவனுக்கு டீ தரல?"

"வெறும் வயிறுன்னு சொன்னியே.
அது மட்டும் நெசமா இருந்துட்டா?"

ரசீதை இரண்டாக மடித்து
ரேஷன் கார்டுக்குள் வைத்தாள்.