இருபத்துமூன்றாம் பாரம்

அச்சுத் தொழிலில்
பதினாறு பக்கத்துக்குப் பெயர் பாரம்.
சுமை என்று நினைத்துவிடாதீர்கள்,
மடித்தால் டிபன் பைக்குள் அடங்கிவிடும்.

டிசம்பர் மழையில் ஐஸ்ஹவுஸ் பக்கத்துச் சந்தில்
எங்கள் பைண்டிங் கடைக்குள் முழங்கால் தண்ணீர்.
நனைந்தது ஒரே ஒரு கட்டு:
'ஒன்பது பூட்டுகளின் அரசு', ஐந்தாம் பாகம்,
பாரம் இருபத்துமூன்று.
நடைபாதையில் விற்கும் திருட்டுப் பதிப்பு அது.
ரசீது கிடையாது, ராத்திரி வேலை.
"அது இல்லாமலே தைச்சுடு குணா,
அறுநூறு பக்கத்துல பதினாறு போனா
யாருக்குத் தெரியப்போவுது"
என்றார் தேவசகாயம் அண்ணன்.
தைத்தேன்.
முந்நூற்று ஐம்பத்திரண்டுக்கு அடுத்து
முந்நூற்று அறுபத்தொன்பது.
ஆயிரத்து இருநூறு பிரதி.

கட்டின் நடுவில் ஈரம் எட்டாத ஒன்று இருந்தது.
டப்பாவைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
அந்தக் கதையில் நான் படித்தது அவ்வளவுதான்.
டிராகனுக்கு என்ன நிறம், தெரியாது.
எட்டுப் பூட்டை யார் யார் திறந்தார்கள், தெரியாது.
ஒன்பதாவது தெரியும்.

ஊரே காறித் துப்பும் மந்திரி கூவிளன்
அதைத் திறக்கவில்லை.
தூக்கத்தில் நடக்கும் அரசி நீள்விழி,
செத்துப்போன பிள்ளை வாசலில் நிற்பதாகக் கனவு கண்டு
பகைவனுக்குத் திறந்தாள்.
விடிவதற்குள் கூவிளன்
சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.
அரண்மனைக் குறிப்பேட்டில்
அந்த இரவின் ஏட்டைக் கிழித்து
விளக்கில் காட்டினான்.
'இதை எவரும் படிக்கக் கூடாது.
படித்தால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள்.'
அந்த வரியோடு பாரம் முடிகிறது.
அதன்மேல் கொஞ்சம் சாம்பார்.

பறக்கும் ரயிலில், கோட்டூர்புரம் தாண்டி,
எதிர் இருக்கையில் இரண்டு பையன்கள், ஒரு பெண்.
ஒருவன் பனியனிலேயே அச்சடித்திருக்கிறான்:
கூவிளா, உன் தலை எப்போது?
"நடுவுல ஏதோ இடிக்குதுடா, கதை குதிக்குது"
என்றாள் அந்தப் பெண்.
"அதான் ஸ்டைலு. நாமதான் யூகிக்கணும்"
என்றான் பனியன்காரன்.

என் மடியில் டப்பா,
டப்பாவைச் சுற்றி அதே காகிதம்.
கை நீட்டினால் கொடுத்துவிடலாம்.
கஸ்தூர்பா நகர்.
இந்திரா நகர்.
நாக்கு நுனிவரை வந்தது.
அப்புறம்தான் உறைத்தது:
அந்த மனுஷன் எதைக் கேட்டானோ
அதைத்தானே திருவல்லிக்கேணி மழையும்
அண்ணனின் கஞ்சத்தனமும்
அச்சு பிசகாமல் செய்து கொடுத்திருக்கின்றன.
அவன் ஒரே ஓர் ஏட்டைக் கிழித்தான்.
நான் ஆயிரத்து இருநூறு.
எழுதினவருக்கே இது தோன்றியிருக்காது.

திருவான்மியூரில் இறங்கிவிட்டேன்.

மாசியில் ஆறாம் பாகம் வந்தது.
மடித்துக்கொண்டே வந்தவள்
ஒன்பதாம் பாரத்தில் நின்றுபோனேன்.
கொலைக்களம். கூவிளன் முட்டி போட்டிருக்கிறான்.
ஊர் கை தட்டுகிறது.
அரசியும் தட்டுகிறாள்.

"இந்தத் தடவை எண்ணித் தை குணா,
போன தடவையே ரெண்டு பேர் சண்டைக்கு வந்துட்டான்."
எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.
அந்த ஒன்பதை மட்டும்
தலைகீழாக வைத்துத் தைத்தேன்,
அண்ணன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து,
முந்நூறோ நானூறோ.
இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்.

பிடிக்கட்டும்.
அவன் தலை விழுவதைப் பார்க்க
ஆசைப்படுகிறவர்கள்
புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்து,
ரயிலில் நாலு பேர் சிரிக்கச் சிரிக்க,
பார்க்கட்டும்.