டம்ளர் கணக்கு

மே பதினொன்று. பால்வாடிக்கு லீவு.
எனக்கும் ஆயா தாட்சாயணிக்கும் இல்லை.
ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து
பழைய ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களில்
ஜூன் மாதத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாய் பதினாறு. இரண்டில் எலி.
தராசு ஒன்று. யார் ஏறினாலும்
முந்நூறு கிராம் கூட்டிக் காட்டும்.
கழித்து எழுதுகிறேன் நான்.
கழிக்காமல் இருந்தால் நல்லது என்று
யாரோ எங்கோ நினைக்கிறார்கள்.
ஃபேன் ஒன்று. ஓடாது.
மூன்றாவது மனு போன ஆடியில் கொடுத்தது.

டம்ளர் இருபத்திநாலு.
எழுத்து தெரியாதவர்களுக்கு ஆளுக்கொரு படம்,
என் நெயில் பாலிஷில் நானே போட்டது:
குடை, சாவி, லாரி, பம்பரம்,
மீன் கேட்டவர்கள் மட்டும் ஆறு பேர்;
ஒருத்தனுக்கு நண்டு.

ஏழு பேர் பெரிய ஸ்கூலுக்குப் போகிறார்கள்.
ஏழு பேரைப் பிடிக்க வேண்டும்.
இல்லையென்றால் ஜீவரத்தினம் நகர் சென்டரோடு
சேர்த்துவிடுவோம் என்று மீட்டிங்கில் சொன்னார்கள்,
டீ வரும்வரை அதையே சொன்னார்கள்.

பத்து மணி வெயிலில் சந்து சந்தாகப் போனோம்.
காசிமேட்டில் தடைக்காலம்.
லாஞ்ச் எல்லாம் கரையோரம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க,
அப்பன்மார் வாசலில் வலை பார்த்தபடி
"நான்தான் வூட்ல கீறனே டீச்சர்,
புள்ள இன்னாத்துக்கு அங்க?" என்கிறார்கள்.
சரிதான்.
எனக்கு ஸ்கூல் திறப்பது ஜூன் முதல் வாரம் இல்லை.
பதினாலு ராத்திரி கடலுக்குப் போவார்கள்,
பதினைந்து காலையில் மொத்தமாக வந்து விழும்.
அதையும் எழுதிக்கொண்டேன்: 15, முட்டை கூடுதல்.

மூன்றாவது வீட்டுப் பையனுக்கு
இங்கிலீஷ் ஸ்கூலில் சீட் வாங்கிவிட்டார்கள்.
பெல்ட், ஷூ, வாசல்வரை வேன்.
இவன் அம்மா வயிற்றில் இருக்கும்போதே
என் சத்துமாவு சாப்பிட்டவன் என்று
உரிமை பேசிப் பார்த்தேன்.
அவள் சிரித்து மோர் கொடுத்தாள்.
மோர் நன்றாக இருந்தது.

திரும்பி வந்து பேர் அடிக்க உட்கார்ந்தோம்.
நண்டு. தர்ஷித். மூன்றே முக்கால் வயது.
மார்ச்சில் வீட்டை இடித்து
பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி கொடுத்தார்கள்.
போன வாரம் அவன் அம்மா போன் செய்தாள்:
அங்கே சென்டரில் இடம் இருக்கிறது,
இவன்தான் நண்டு டம்ளர் இல்லாமல்
தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான்.

அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.
ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருபத்திநாலு என்று இருந்தது.

"பென்சில்ல அடி," என்றாள் தாட்சாயணி.
பென்சிலில்தான் அடித்தேன்.
ஏப்ரல் எடை பன்னிரண்டு நானூறு.
ஜூன் கட்டம் காலி.

ஜூன் பதினைந்து.
சொன்னபடியே வந்து விழுந்தது.
ஒன்று அழ, ஒன்பது அழ,
ஷட்டருக்கு வெளியே இரண்டு அம்மாக்கள் அழ,
புதிதாகச் சேர்ந்த ஷாஃபியா மட்டும்
அழாமல் நேராக அலமாரிக்குப் போய்
நண்டு டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

தேய்த்துத் தேய்த்துக் கொடுக்கு போயிருந்தது.
கால்களில் மூன்றுதான் மிச்சம்.
அது இன்னொருத்தருடையது என்று சொல்ல
வாய் வரைக்கும் வந்தேன்.
"இது இன்னா தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
தலைக்குமேல் நிற்கிறதைப் பார்த்தாள்.

"ஃபேனு."

தாட்சாயணி சிரித்த சிரிப்பில்
அழுதுகொண்டிருந்த ஒன்று நிறுத்திவிட்டது.
புது ரிஜிஸ்டரில் மையால் எழுதினேன்:
ஷாஃபியா. ஃபேன்.

இரண்டாவது சனிக்கிழமை எனக்கு லீவு.
பெரும்பாக்கத்துக்கு எந்த பஸ் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.
என் காசில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று,
கணக்கில் வராதது,
ஜன்னலில் காய்கிறது.
எட்டுக் கால். இரண்டு கொடுக்கு.
இந்தத் தடவை எண்ணித்தான் போட்டேன்.