நாற்பத்திரண்டு நிமிடம்

வூட்ஜ் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்.
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
நாற்பத்திரண்டு நிமிடம்.

ஏழாவது வாரத்திலிருந்து
என் தடத்தில் நிறுத்தங்களுக்குப் பெயரில்லை.
புளித்த முட்டைக்கோஸ் நிறுத்தம்.
நனைந்த நாய் நிறுத்தம்.
பள்ளிக்கூட வாசலில் ஏறும் ஆசிரியையின்
லில்லி அத்தர் நிறுத்தம்.
சிவப்பு விளக்கு விழுந்தால் நன்றி சொல்வேன்,
ரொட்டி வாங்கிய பையை எடுக்க அதுதான் நேரம்.
என் இருக்கைக்குக் கீழே மணல் பெட்டி உண்டு,
மழையில் தண்டவாளம் வழுக்கினால் தூவ.
ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்,
மணலுக்கு வாசம் உண்டென்று
இப்போதுதான் தெரிந்தது.

இஞ்சி, என்றாள் மேல்வீட்டு வியஸ்வாவா.
காய்ந்த ரொட்டி, கட்டிலை விட்டு எழும் முன்,
என்றார் மருந்துக்கடைக்காரர்.
இஞ்சியும் வந்தது ரொட்டியும் வந்தது
போன வழியே.
மூன்று பெற்றேன், நெசவாலையில்
ஒரு ஷிப்ட் விட்டதில்லை, என்றார் மாமியார்.
மசக்கைதானே, என்றார் டாக்டர்
கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

ராதெக் வெங்காயம் வதக்குவதை நிறுத்தினான்.
பற்பசையை மாற்றினான், சோப்பை மாற்றினான்,
பிறகு சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
கதவருகிலேயே நின்றான்,
எது நாறுகிறது என்று புரியாமல்.
எப்படிச் சொல்வேன்,
நீதான்டா, உன் கழுத்துதான்,
நான் முகம் புதைத்த அதே கழுத்து.

ஆறு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை.
முனகக்கூட எனக்கு உரிமையில்லை என்று
நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

நவம்பர், வியாழக்கிழமை, இருட்டும் நேரம்.
சிக்னல் ஒன்று இரண்டாய்த் தெரிந்தது.
நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தி
ரேடியோவை எடுத்தேன்.
கட்டுப்பாட்டறை, நான் கலினா.
டிராம் நன்றாக இருக்கிறது.
நான் நன்றாக இல்லை.

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.
பள்ளிப் பை மாட்டிய ஒரு பெண் மட்டும்
கண்ணாடியைத் தட்டி
சாண்ட்விச் கவரைக் காலி செய்து நீட்டினாள்.
சாண்ட்விச்சை அவள் எங்கே வைத்தாள் என்று
இன்னும் யோசிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் யாக்னா என்ற மருத்துவச்சி.
என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை.
கடைசியாக எப்போது சிறுநீர் போனாய், என்றாள்.
யோசித்தேன்.
காலையிலா. இல்லை, நேற்று.
நேற்று எப்போது?
இத்தனை வாரத்தில்
ஒருவரும் கேட்காத கேள்வி.

புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள்,
அது கூடாரம் போல் நின்று
மெல்லப் படுத்தது.
சோதனைப் பட்டை கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது.
உன் உடம்பு தன்னையே தின்கிறது, கலினா.
இதைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டியதில்லை.
மருந்து இருக்கிறது.
அழுதேன்.
கண்ணீர் வரவில்லை,
அதற்கும் தண்ணீர் வேண்டுமாம்.

மூன்றாம் பாட்டில் சொட்டும்போது
திரையில் காட்டினார்கள்.
ஒரு திராட்சை.
ஒரு திராட்சையா இந்த ஆட்டம் ஆட்டியது?
முதல் முறையாக அதைத் திட்டினேன்,
செல்லமாகத்தான், கொஞ்சம் நிஜமாகவும்.

குணமாகிவிடவில்லை.
ஒரு நாளைக்குப் பதினைந்து என்பது
ஐந்தோ ஆறோ ஆகியிருக்கிறது.
மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவருகிறது.
டிப்போவில் எனக்கு இப்போது
தொலைந்த பொருட்கள் மேசை:
குடைகள், ஒற்றைக் கையுறைகள்,
யாரோ மறந்துபோன டிரம்பெட்.
பித்தளை நாறுகிறது,
அதை ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு உப்பு வெள்ளரித் துண்டு,
சுண்டுவிரல் நகம் அளவு.
விழுங்கிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.
மனசுக்குள் வண்டியை எடுத்தேன்.
முட்டைக்கோஸ் கடந்தது. நாய் கடந்தது.
லில்லியில் கொஞ்சம் குலுங்கியது,
மணல் தூவினேன்.
நாற்பத்திரண்டாவது நிமிடம், கடைசி நிறுத்தம்.
கதவைத் திறந்தேன்.
யாரும் இறங்கவில்லை.