துகள் உறைபனி

ஐந்தரைக்கு டோர்ச்சைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு
வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறப்பேன்.
என் மூச்சு வெப்பமானியில் படக்கூடாது.
பட்டால் அரைப் பாகை ஏறிவிடும்.
வாசித்து முடிக்கும் மட்டும்
மூச்சை நிறுத்திப் பழகியிருக்கிறேன்,
கடலுக்கடியில் இருப்பவளைப் போல.

கடலை நான் பார்த்ததில்லை.

கந்தப்பளையில் தை பிறந்தால்
புல்லின் மேல் உப்புத் தூவிய மாதிரி கிடக்கும்.
கொழும்பிலிருந்து வேன்களில் வந்து
அதைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் படமெடுப்பார்கள்.
வெயில் ஏற ஏறக் கொழுந்து கருகும்,
வெந்நீர் ஊற்றிய மாதிரி.
ஆறாம் நம்பர் மலையில் பெண்கள்
கூடையை இறக்கி வைத்துவிட்டு
அரைப்பேரா முழுப்பேரா என்று
கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள்.
என் வேலை அதை எழுதுவதல்ல.
ஓர் எண். ஒரு தசமம்.
தொலைபேசியில் சொன்னால் முடிந்தது.

ஏழு மணிக்கு அது வானொலியில் திரும்பி வரும்,
வேறொரு பெண்ணின் குரலில், இஸ்திரி போட்டு:
'நுவரெலியா மாவட்டத்தில் அதிகாலை வேளையில்
சில இடங்களில் துகள் உறைபனி.'
அதே மூச்சில் அடுத்த வரி:
'திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப்
பொத்துவில் வரையான கடற்பரப்பு
கொந்தளிப்பாகக் காணப்படும்.'
என் எண்ணுக்கும் அந்தக் கடலுக்கும் நடுவில்
ஒரு முற்றுப்புள்ளிதான்.

புள்ளிக்கு அந்தப் பக்கம் தம்பி டிலோஜன்.
உல்லையில் அலைப்பலகை வாடகைக்கு விடும் கடை.
மாரியில் ஆளில்லை, காவலுக்கு இவன் மட்டும்.
சித்திரைக்கு மேல் அலை ஒழுங்காக வரும் என்பான்,
சதொசவில் நிற்கும் கியூ மாதிரி.
இப்போது ஒரே தள்ளுமுள்ளு.
கரையில் சும்மா நிற்பவனின் காலடி மணலை உருவி
ஆளையே உள்ளே கூட்டிப்போகுமாம்.
இதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

பதினேழாம் திகதி.
இரண்டு நாளாக அவன் போன் ஓய்ந்திருந்தது.
பெட்டிக்குள் இரண்டு தசம் எட்டு.
சொன்னேன்.
இரண்டு தசம் எட்டு என்றே வானொலியும் சொன்னது.
பொத்துவிலில் அலை மூன்று மீற்றர் என்றும் சொன்னது.
அன்றுதான் பயந்தேன்.
என் வரி பிசகவில்லை என்றால்
அடுத்த வரியும் பிசகியிருக்காது.
எவளோ ஒருத்தி எங்கோ நின்று
மூச்சைப் பிடித்து அளந்த மூன்று மீற்றர் அது.
ஒரு பாகை கூட்டிச் சொல்லியிருக்கலாம்.
பொய் ஒன்று என் கைவசம் இருந்திருந்தால்
கடலையும் நம்பாமல் இருந்திருப்பேன்.

பின்னேரம் அழைத்தான். கரண்ட் இல்லையாம்,
யாருடைய ஓட்டோவிலோ சார்ஜ் ஏற்றுகிறானாம்.
முதல் கேள்வி, 'அக்கா, அங்க குளிரா?'
கரையில் நட்ட சிவப்புக் கொடியைக்
கம்போடு கடல் கொண்டுபோய்விட்டது.
போன தீபாவளிக்கு ராகலையில் நான் எடுத்துக் கொடுத்த
சிவப்பு சுவெட்டர்,
'இந்த வேக்காட்டில இத யார் போடுவா' என்று
பைக்கு அடியில் கிடந்தது,
இப்போது தென்னை மரத்தில்
இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறதாம்.

'வெள்ளக்காரன் ஒருத்தன் அதப் பாத்துட்டு
டாட்டா காட்டிச் சிரிச்சான் அக்கா.
பலகையோட இறங்கிட்டான்.'

'பிறகு?'

ஓட்டோக்காரர் புறப்பட்டுவிட்டார் போல.

ராத்திரி ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தேன்.
வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது,
இன்னும் கீழே போகும்.
ஐந்தரைக்கு அலாரம் வைத்தவள்
நான்கு மணிக்கே எழும்பி உட்கார்ந்திருக்கிறேன்,
டோர்ச்சைப் போட்டும் அணைத்தும்.